கட்சியும் கண்ணும்

அரசியல் விவாதம் எமது மக்களுக்குப் புதியதொன்றன்று. தேநீர்க் கடையிலும், நாற்சந்தியிலும், ஆசிரியர் ஓய்வறையிலும், புகையிரதப் பெட்டியிலும் அது நாள்தோறும் நிகழ்கின்றது. ஆயின் அவ்விவாதங்களைச் சற்றுக் கூர்ந்து செவிமடுப்போர் ஓர் உண்மையை உணர்வர். ஒருவர் ஒரு கருத்தைக் கூறியதும் அது சரியா, பிழையா என்னும் வினா எழுவதில்லை. கூறியவர் எந்தக் கட்சி என்னும் வினாவே முதலில் எழுகின்றது. அதற்கு விடை கிடைத்ததும் விவாதமும் முடிந்துவிடுகின்றது. எம்மவர் கூறியதெனின் சரி. மற்றவர் கூறியதெனின் பிழை. அறிவுடைமை அதிகாரத்தை மனனஞ் செய்து பரீட்சையிற் புள்ளி பெற்றவர்களே இவ்வாறு வாதிடுகின்றனர் என்பதை நினைக்கும்போது, தமிழ் கற்பிக்கும் எம்போன்றோருக்கு நாணம் உண்டாகின்றது.

இவ்வாறு கூறுவதனாற் கட்சியே வேண்டாம் என்பது எமது கருத்தெனக் கொள்ளற்க. பொருளும் பதவியும் உடையோருக்குக் கட்சி இல்லாவிடினும் வாழ்வுண்டு. உழைத்துண்போருக்கோ கட்சியும் சங்கமும் அன்றி வேறு வலிமையில்லை. 1953 ஆம் ஆண்டில் ஒரு கொத்துப் பங்கீட்டரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு அரசாங்கம் உயர்த்தியபோது, அவ்வாண்டு ஆகஸ்ட் 12 ஆந் திகதி இந்நாடு கண்ட ஹர்த்தால் தானாகத் தோன்றியதன்று. இடதுசாரிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் மக்களின் கோபத்துக்கு ஒரு வடிவங் கொடுத்தன. அந்த அசைவினாலேயே அரசாங்கம் ஆட்டங் கண்டது. டட்லி சேனநாயக்க பிரதம மந்திரிப் பதவியைத் துறந்தார். ஆதலின், ‘எல்லாக் கட்சியும் ஒன்றுதான்’ என்று கையை உதறிவிட்டு வீட்டுக்குச் செல்பவனை நாம் நடுநிலையாளன் எனக் கொள்ளோம். அவன் வலியோர் பக்கத்துக்குத் தன் மௌனத்தை வழங்குபவன். கட்சி வேண்டும். ஆனால், கட்சியிற் சேருங்காற் கண்ணையும் கழற்றி அதன் காரியாலயத்தில் ஒப்படைத்துவிட வேண்டுமா என்பதே இங்கு எம் வினா.

கண்ணை ஒப்படைத்ததன் பயனை இந்நாட்டு வரலாறே எமக்குக் காட்டுகின்றது.

1957 ஜூலை 26 இல் பிரதம மந்திரி எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தஞ் செய்தனர். பிரதேச சபைகள் அமைத்தலும், வடக்குக் கிழக்கு மாகாணங்களிலே நிருவாகத்தைத் தமிழில் நடத்துதலும் அதிலடங்கிய முக்கிய அம்சங்கள். அப்போது எதிர்த்தரப்பிலிருந்த ஐக்கிய தேசியக் கட்சி இதனை நாட்டைக் காட்டிக் கொடுக்கும் செயலென்றது. அவ்வாண்டு அக்டோபரில் ஜே. ஆர். ஜயவர்த்தன கொழும்பிலிருந்து கண்டிக்குப் பாதயாத்திரை புறப்பட்டார். இம்புல்கொடவில் அந்த யாத்திரை மறிக்கப்பட்டதாயினும், அது விதைத்த நஞ்சு மறிக்கப்படவில்லை. 1958 ஏப்ரிலில் பிக்குமார் பிரதம மந்திரியின் இல்லத்தின் முன் வந்திருக்க, ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதம் நாடெங்கும் தமிழர் இரத்தம் சிந்தினர்.

எட்டாண்டுகள் சென்றன. 1965 மார்ச்சில் அதே செல்வநாயகம் டட்லி சேனநாயக்கவுடன் ஓர் உடன்பாடு செய்தார். 1966 ஜனவரி 8 இல் தமிழ்மொழி உபயோகத்துக்கான ஒழுங்குவிதிகள் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டன. அவ்வொழுங்குவிதிகள் எந்தச் சட்டத்தின் கீழ் ஆக்கப்பட்டவை? பண்டாரநாயக்க அரசாங்கமே நிறைவேற்றிய 1958 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கத் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ். அச்சட்டத்தை இயற்றிய ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியே இப்போது அதன் ஒழுங்குவிதிகளை எதிர்த்து வீதிக்கு இறங்கியது. 1957 இல் ஒப்பந்தத்தைத் துரோகமென்ற கட்சி 1966 இல் ஒழுங்குவிதிகளை நீதியென்றது. 1957 இல் நீதியென்ற கட்சி 1966 இல் துரோகமென்றது. மாறியது கொள்கையன்று; பாராளுமன்றத்தில் அவர்கள் அமர்ந்திருந்த ஆசனங்களே மாறின. அன்றைய ஆர்ப்பாட்டத்தின்போது பொலிஸார் சுட்டதில் ஒரு பௌத்த பிக்கு உயிரிழந்தார்.

இவ்விரு கட்சிகளும் முதலாளித்துவக் கட்சிகள், அவற்றிடம் வேறெதனை எதிர்பார்க்கலாம் என்று எமது இடதுசாரி நண்பர்கள் கூறக்கூடும். அந்த விடை எமக்குப் போதாது. ஏனெனின் 1966 ஜனவரி 8 ஆம் நாள் ஊர்வலத்திலே செங்கொடிகளும் இருந்தன.

இது சாதாரணமான செய்தியன்று. 1948 இல் மலையகத் தொழிலாளரின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்தவர்கள் இடதுசாரிகள். 1955 இல், சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து வேண்டுமெனப் பாராளுமன்றத்திற் பிரேரித்தவர் லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர் என். எம். பெரேரா. அக்காலத்தில் அக்கட்சியின் கூட்டங்கள் தாக்கப்பட்டன. வாக்குகள் குறையுமென்று தெரிந்தும் அவர்கள் பின்வாங்கினாரல்லர். 1956 ஜூனில் தனிச்சிங்களச் சட்டம் விவாதிக்கப்பட்டபோது, ஒரு மொழியைத் திணித்தால் நாடு இரண்டாகும், இரு மொழியையும் ஏற்றால் நாடு ஒன்றாயிருக்கும் என்னும் பொருள்படக் கொல்வின் ஆர். டி சில்வா ஆற்றிய உரையை நினைவுகூராத தமிழ் மாணவன் இல்லையெனலாம். இத்தகைய கட்சி 1964 ஜூனில் கூட்டரசாங்கத்தில் இணைந்தது. அவ்வாண்டு அக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், தோட்டங்களில் உழைத்த 975,000 மக்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனக் கூறுபோட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பிறிதொரு நாளைக்கென ஒத்திவைத்தது. அம்மக்களுள் ஒருவரிடமேனும் ‘நீ எங்கு வாழ விரும்புகின்றாய்?’ என்று எவருங் கேட்கவில்லை. 1948 இல் எதிர்த்து நின்ற கட்சி 1964 இல் மந்திரிசபையில் இருந்தது. 1966 இல் அதே கட்சி தமிழ் ஒழுங்குவிதிகளுக்கெதிராக நடந்தது. டட்லியின் வயிற்றில் மசாலவடை என்னும் கோஷம் அக்காலத்து ஊர்வலங்களில் எழுந்ததை வரலாறு எழுதியோர் பதிந்துள்ளனர். எமது அடுப்படிப் பலகாரம் ஒன்று வசைச்சொல்லாகியது.

1972 மே 22 இல் நடைமுறைக்கு வந்த குடியரசு அரசியலமைப்பை ஆக்கும் பொறுப்பு கொல்வின் ஆர். டி சில்வாவிடமே இருந்தது. சிங்களமே அரசகரும மொழி என்பது அதில் அரசியலமைப்பு விதியாயிற்று. 1966 இன் தமிழ் ஒழுங்குவிதிகளோ அரசியலமைப்பின் பகுதியாகக் கொள்ளப்படாது, துணைநிலைச் சட்டமாக மட்டுமே கொள்ளப்படும் என எழுதப்பட்டது. சிறுபான்மையோருக்குக் காப்பென இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவும் மறைந்தது. ஐந்தாண்டுகளின் பின், 1977 பொதுத்தேர்தலில், சமசமாஜக் கட்சிக்கும் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் ஓர் ஆசனமேனும் கிடைக்கவில்லை. கொள்கையை விற்று வாங்கிய பதவியும் நிலைக்கவில்லை. பதவிக்காக விற்ற கொள்கையும் மீளவில்லை.

எம் தமிழ்க் கட்சிகள் இதற்கு விலக்கா? அன்று. ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1948 இல் மந்திரிசபையிற் சேர்ந்தார். 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு ஆதரவளித்தார். அதனை ஏற்காது செல்வநாயகம் முதலியோர் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினர். மந்திரிப் பதவி ஏற்றதே துரோகமென்று ஊரூராக முழங்கப்பட்டது. 1965 இல் தமிழரசுக் கட்சியே தேசிய அரசாங்கத்திற் பங்குகொண்டு, மு. திருச்செல்வம் உள்ளூராட்சி மந்திரியானபோது, முன்பு முழங்கியவர்களே அது இராஜதந்திரமென விளக்கினர். இரு சந்தர்ப்பங்களும் முற்றிலும் ஒன்றென நாம் கூறவில்லை, வேற்றுமைகள் உண்டு. ஆனால் அவ்வேற்றுமைகளை ஆராய்ந்து முடிவுக்கு வந்தோர் எத்தனை பேர்? முடிவை முன்னரே வைத்துக்கொண்டு காரணந் தேடியோரே பெரும்பாலோர்.

இங்கு ஒருவரைப் பற்றிக் கூறவேண்டும். எமது ஊரிலே முதிய ஆசிரியரொருவர் வாழ்ந்தார். ஊரார் அவரை ‘மாஸ்ரர்’ என்றே அழைப்பர். இளமையிற் கட்சிப் பத்திரிகையைச் சைக்கிளிற் கட்டிக்கொண்டு ஊரூராக விற்றவர். தேநீர்க் கடையிற் சமமாக இருந்து குடிக்கும் உரிமை மறுக்கப்பட்டோருக்காகச் சொந்த உறவினரைப் பகைத்தவர். நாம் பல்கலைக்கழகத்திற் படித்த நாட்களில் விடுமுறைக்கு ஊர் வந்தால் அவரிடஞ் செல்லாதிருப்பதில்லை. ஒருநாள், 1956 இற் சம அந்தஸ்துக்காகக் கல்லெறி பட்ட தாங்கள் 1966 இலும் 1972 இலும் கட்சியை ஆதரித்துப் பேசியது எங்ஙனம் என்று கேட்டோம். கோபிப்பார் என எண்ணினோம், கோபிக்கவில்லை. நெடுநேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கூறினார்:

“தம்பி, அண்டைக்குக் கட்சி பிழையெண்டு எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் நான் வாய் திறந்து சொல்லியிருந்தால், சிங்களவனுக்கு வால்பிடிக்கிறான் எண்டு பத்து வருசமா என்னைப் பேசின ஆக்கள், ‘பாத்தியே, நாங்கள் அப்பவே சொன்னம்’ எண்டு சிரிச்சிருப்பினம். அந்தச் சிரிப்பைத் தாங்க எனக்கு ஏலாது. அதோடை, கட்சியை விட்டிட்டு நான் எங்கை போறது? என்ரை சிநேகிதரெல்லாம் அங்கைதானே.”

கட்சி விசுவாசம் பற்றி நாம் படித்த நூல்கள் பலவற்றினும் இச்சொற்களே எமக்கு அதிகங் கற்பித்தன. கண்மூடிய விசுவாசத்தை மூடத்தனமென்று நாம் எளிதிற் கூறிவிடுகின்றோம். மாஸ்ரர் மூடரல்லர், கோழையுமல்லர். தாம் நம்பியதற்காக உறவையும் உத்தியோக உயர்வையும் இழந்தவர். இழப்பு எத்துணை பெரிதோ, அத்துணை வன்மையாக அந்த இழப்புக்கு ஒரு பொருள் வேண்டப்படுகின்றது. கட்சி பிழையெனின் தான் சுமந்த பழியெல்லாம் வீணன்றோ? வெளியிலிருந்து எறியப்பட்ட ஒவ்வொரு கல்லும் அவரைச் சுற்றி ஒரு மதிலாயிற்று. எதிர்க்கட்சியாரின் ஏளனமே ஒருவனைத் தன் கட்சியின் பிழையோடு பிணைக்கும் விலங்கு என்பதை நாம் அவரிடம் அறிந்தோம். எனவே, மாற்றுக் கட்சியினன் ஒருவன் தன் கட்சியின் பிழையை உணரத் தொடங்கும்போது அவனைப் பார்த்துச் சிரிப்பவன், உண்மைக்கு உதவுபவனல்லன்.

மாஸ்ரரின் விசுவாசம் தியாகத்திற் பிறந்தது. பிற்காலத்து விசுவாசமோ பெரும்பாலும் வயிற்றிற் பிறந்தது. பாராளுமன்ற உறுப்பினரின் கடிதமின்றி அரசாங்க உத்தியோகங் கிடையாது என்னும் நிலை தோன்றியபின், கட்சி ஒரு கருத்தாக இராது ஒரு குடும்பத்தின் சோறாகியது. சோற்றோடு எவன் வாதிடுவான்? சட்டமும் இதற்குத் துணை நின்றது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, கட்சியின் அங்கத்துவத்தை இழக்கும் உறுப்பினர் தம் ஆசனத்தையும் இழப்பர் என விதித்தது. கட்சி தாவுவோரின் சந்தையை அடைக்க அது உதவும் என்பர். சந்தை அடைபட்டதோ இல்லையோ, மனச்சாட்சியின் வாய் அடைபட்டது. 1982 இல் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். பொதுத்தேர்தலை நடத்தாது பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டும் சர்வசன வாக்கெடுப்பு நடந்த காலத்தில், ஆளுங்கட்சி உறுப்பினர் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களிற் கையொப்பமிட்டு ஜனாதிபதி ஜயவர்த்தனவிடம் ஒப்படைத்தனர். மக்கள் தெரிந்தனுப்பிய பிரதிநிதிகளின் நா, தலைவரின் சட்டைப்பையில் மடித்து வைக்கப்பட்டது. 2000 ஆகஸ்டில் புதிய அரசியலமைப்பு மசோதா வந்தபோது எதிர்க்கட்சியினர் அதன் பிரதிகளைப் பாராளுமன்ற மண்டபத்தினுள்ளேயே எரித்தனர். 1957 இன் பாதயாத்திரை நாற்பத்து மூன்றாண்டுகளின் பின்னரும் நடந்துகொண்டேயிருந்தது.

நிற்க. இவ்விடத்தில் இடதுசாரித் தோழரொருவர் எழுப்பக்கூடிய தடை ஒன்றுண்டு. அது கருத்திற் கொள்ளத்தக்கது. ‘ஒரே செயலை இரு வர்க்கங்கள் செய்யும்போது அதன் பொருளும் இரண்டாகும். 1966 இல் ஐக்கிய தேசியக் கட்சி தமிழருக்கு நீதி செய்ய விரும்பவில்லை. தன் ஆட்சிக்குப் பாராளுமன்ற ஆதரவு தேடியது. ஆகவே அதனை எதிர்த்தமை பிழையன்று’ என்பர். ஆட்சியாளரின் நோக்கத்தை ஐயுறுதல் நன்றே. ஆனால் அந்த ஐயத்தின் பயனை அனுபவித்தவன் யார்? காணி விடயமாகக் கச்சேரியிலிருந்து வந்த கடிதத்தை வாசிக்க இயலாது, சிங்களந் தெரிந்தவரைத் தேடி ஊரூராக அலைந்த கமக்காரனை எண்ணிப் பாருங்கள். அவனுக்குத் தமிழிலே ஒரு கடிதம் வருமாயின், அதனை எந்தக் கட்சி அனுப்பியது என்பதா அவனுக்கு முக்கியம்? அவனும் உழைக்கும் வர்க்கத்தவனே. எதிரியின் கையால் வந்தாலும் ஏழையின் உரிமை உரிமையே. நோக்கத்தைத் தோலுரித்துக் காட்டிக்கொண்டே உரிமையை ஆதரித்திருக்கலாம். ‘இது போதாது, இன்னுந் தா’ என்று கேட்டிருக்கலாம். அவ்வாறு கேட்பதற்கு 1956 இன் சமசமாஜக் கட்சியைவிடத் தகுதியுடையோர் வேறெவர்?

கண்ணைத் திறந்து வைத்திருத்தல் இலேசான காரியமென்றும் நாம் கூறவில்லை. 1964 இல் கூட்டரசாங்கத்தை ஏற்காது கட்சியிலிருந்து பிரிந்தோருள் எட்மண்ட் சமரக்கொடி ஒருவர். அவ்வாண்டு டிசம்பர் 3 இல் அவரும் மெரில் பெர்னாண்டோவும் பாராளுமன்றத்தில் அரசாங்கத்துக்கு எதிராக வாக்களித்தனர். அரசாங்கம் ஒரேயொரு வாக்கினால் தோற்றது. அதே பக்கத்தில் வலதுசாரிகளும் வாக்களித்திருந்தனர். அடுத்த தேர்தலில் ஆட்சியும் அவர்களிடஞ் சென்றது. கொள்கைக்காக அளித்த வாக்கின் பயனை எதிரி அறுவடை செய்தான் என்ற பழி அவர்களைத் தொடர்ந்தது. அவர்கள் செய்தது சரியா என்பது இன்றும் விவாதிக்கத்தக்கதே. ஆனால் விவாதிக்க வேண்டியது அதனைத்தான்: ஒரு வாக்கின் காரணத்தையும் விளைவையும். ‘கட்சித் துரோகி’ என்னும் ஒரு சொல்லால் அவ்விவாதத்தை மூடிவிடுவோர், கட்சியைக் காப்பதில்லை. கட்சி கற்றுக்கொள்ள வேண்டிய பாடத்தை மறைக்கின்றனர். தன் புதல்வியர் கேட்ட வினாக்களுக்கு விடையெழுதுங்கால், எதனையும் ஐயுறுதலே தனக்குப் பிடித்த முதுமொழி எனக் கார்ல் மார்க்ஸ் குறித்தார் என்பர் அவர் வரலாறு எழுதியோர். அவர் பெயரால் நடக்கும் கட்சிகளில் ஐயுறுதல் குற்றமாகியது எத்துணை விந்தை!

பாடசாலையில் விவாத மன்றத்துக்குப் பொறுப்பாயிருக்கும் நாம், உயர்தர வகுப்பு மாணவரிடையே ஒரு முறையைக் கையாண்டு வருகின்றோம். 1957 ஒப்பந்தத்தின் சாரத்தையும் 1965 உடன்பாட்டின் சாரத்தையும், அவற்றை எதிர்த்தோர் கூறிய காரணங்களையும் கரும்பலகையில் எழுதுவோம். பெயரும் ஆண்டும் கட்சியும் எழுதமாட்டோம். முதன்முறை இதனைச் செய்தபோது, பின்வரிசையிலிருந்து உடனே ஒரு குரல் எழுந்தது: “சேர், இது எந்தக் கட்சி சொன்னது?” கூறமாட்டோம் என்றோம். வகுப்பு முழுவதும் ஓர் அசௌகரியமான அமைதி நிலவியது. பிடித்து நடக்கும் கோலைப் பறித்துக்கொண்டாற்போலப் பிள்ளைகள் திகைத்தனர். பின் மெல்ல மெல்ல வாசிக்கத் தொடங்கினர். பிரதேச சபைக்கும் மாவட்ட சபைக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டனர். அதிகாரம் எவரிடமிருந்து எவருக்குச் செல்கின்றதெனக் கேட்டனர். பெயர்களைக் கூறியபோது சிலர் சிரித்தனர். சிலர் தம் வீட்டிற் போற்றப்படும் கட்சியின் வாதத்தையே தாம் கண்டித்திருந்தமை அறிந்து முகம் வாடினர்.

இன்னொரு முறை, விவாதத்தின் நடுவே இரு அணியினரையும் இடம் மாறச் செய்தோம். சற்று முன் தான் தாக்கிய கருத்தைத் தானே காக்க வேண்டிவந்த மாணவி ஒருத்தி, முடிவில் எம்மிடம் வந்து, “சேர், நான் என்ரை பக்கத்தை மாத்தேல்லை. ஆனா அவையின்ரை பக்கத்திலை ஒரு நியாயம் இருக்கெண்டு இப்பதான் தெரியுது” என்றாள். அரசியற் கல்வி என்பது இதனினும் வேறொன்றுண்டோ என நாம் அறியோம். அவள் தன் பக்கத்தை மாற்றவேண்டும் என்பது எமது விருப்பமன்று. மாற்றாமலே மற்றவனின் நியாயத்தைக் காணவல்லவள் நாளை ஒரு கட்சியிற் சேர்வாளாயின், அக்கட்சிக்கு அவள் ஒரு கண்ணாக இருப்பாள்.

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! உங்கள் கட்சி ஒரு காரியத்தைச் செய்யும்போது, இதனையே மற்றக் கட்சி செய்திருப்பின் நாம் என்ன கூறியிருப்போம் என்று ஒருமுறை உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். இரு விடையும் ஒன்றாயின் அஞ்சாது பேசுங்கள். இரு விடையும் வேறாயின், அவ்வேற்றுமைக்குக் காரணம் கொள்கையா, கொடியின் நிறமா என்பதை ஆராயுங்கள். ஆராய்ந்து கண்டதைக் கட்சிக் கூட்டத்திலே எழுந்து கூறுங்கள்; கூட்டம் முடிந்தபின் வாசலில் நின்று முணுமுணுப்பதாற் பயனில்லை. கட்சிக்கு வாழ்த்தொலி எழுப்ப ஆயிரம் பேர் உளர். பள்ளம் வருகின்றது என்று முன்னறிவிக்க ஒருவரேனும் இல்லாதபோதுதான், 1956 இல் நிமிர்ந்து நின்ற கட்சிகள் 1966 இல் இடறி, 1977 இல் வீழ்ந்தன. மாஸ்ரர்களின் தியாகம் இன்னொரு தலைமுறையிலும் வீணாகாதிருக்க வேண்டுமாயின், எழுந்து கூறுபவனைத் துரோகியென அழைக்கும் வழக்கத்தை முதலில் எமது பக்கத்திலேயே நாம் ஒழித்தல் வேண்டும்.